எல்லாம் தெரிந்தும் அந்த நேரத்தில் ஏன் வாய் வரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 29, கோவையில் வேலை. ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு, வீட்டுக்குத் தெரியாது. புதிதாக வந்த ஜாதகத்தைப் பற்றி அம்மா போனில் பேசும் ராத்திரிகளில் மனசு கனத்துப்போய், ஆப்பைத் திறந்து யாரையாவது பார்க்கப் போய்விடுகிறேன். பையில் காண்டம் இருக்கும். எடுக்கலாம் என்று சொல்ல வாய் வராது. அப்புறம் ஒரு வாரம் தூக்கம் போய்விடும். இரண்டு வருடமாக இப்படித்தான். டெஸ்ட் எடுத்ததே இல்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? கடைசியாகப் போய்ப் பத்து நாள் ஆகிறது.

பதில்: முதலில் அந்தப் பத்து நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் ‘பெப்’ மாத்திரையைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால், எச்.ஐ.வி. தொற்றுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இந்த முறை உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. பலருக்கும் இப்படித்தான் தாண்டுகிறது. முதல் நாள் குற்ற உணர்ச்சியில் போய்விடும். இரண்டாம் நாள் ‘ஒன்றும் ஆகியிருக்காது’ என்று ஒரு சமாதானம். மூன்றாம் நாள் முழுக்க கூகுள். நான்காம் நாள் காலையில்தான் மருத்துவரைத் தேடுவார்கள்.

அதற்காக இப்போது டெஸ்ட் எடுப்பது வீணில்லை. இன்று எடுத்தால், கடைசி மூன்று மாதத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய கணக்கு தெரியும். அந்தக் கடைசி ராத்திரியின் கணக்கு தெரிய, மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை எடுக்க வேண்டும். கூடவே சிபிலிஸ் பரிசோதனையும் கேளுங்கள். வலியில்லாத ஒரு புண்ணாக வந்து சில வாரத்தில் தானே மறைந்துவிடும் நோய் அது. புண் ஆறியதும் மனசும் ஆறிவிடுகிறது. கிருமி உள்ளேயே இருக்கும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியிலேயே குணமாகும்.

இனி வாய் வராத கதை. உங்களுக்கு விவரம் போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. காண்டம் பையில் இருக்கிறதே! அம்மாவின் போனுக்குப் பிறகு நீங்கள் தேடிப் போவது உடம்பை மட்டுமல்ல. நம்மை வேண்டாம் என்று சொல்லாத ஒரு ஆளை. காண்டம் என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவாரோ என்கிற பயம், அந்த நிமிஷத்தில் எச்.ஐ.வி. பயத்தைவிடப் பெரிது. அதனால் அந்தப் பேச்சை அறைக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே, ஆப்பிலேயே ‘காண்டம் இல்லாமல் நான் வரமாட்டேன், ஓகேவா?’ என்று கேட்டுவிடுங்கள். மறுத்தால் உங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்த ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ளலாம். சட்டையைக் கழற்றிய பிறகு தாங்குவது கஷ்டம். காண்டத்தோடு தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் இற்றுக் கிழியும். மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல் வாங்குங்கள்.

துக்கத்தில்தான் தவறு நடக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நாளைக்கே ஒருவரைப் பிடித்துப்போய் நாலு மாசம் பழகினால், காண்டத்தை எடுப்பது அவரைச் சந்தேகப்படுவது போலத் தோன்றும். காதலும் இந்த விஷயத்தில் நல்ல ஆலோசகர் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து போய், மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை டெஸ்ட் எடுத்த பிறகு காண்டத்தை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

ராத்திரியில் மனசு தடுமாறும் என்று தெரிந்தவர்களுக்கு, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே சாப்பிடும் ‘பிரெப்’ மாத்திரை நல்ல வழி. காலையில் காபியோடு தினமும் ஒரு மாத்திரை. முடிவைத் தெளிந்த மனசோடு எடுத்துவிடுகிறோம், அதுதான் விஷயம். எச்.ஐ.வி. இல்லை என்று உறுதியான பிறகு, சிறுநீரகமும் மஞ்சள் காமாலை பி-யும் சோதித்து, மருத்துவர் சீட்டோடு தொடங்க வேண்டும். எச்.ஐ.வி.-யைத்தான் தடுக்கும், சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்ற பால்வினை நோய்களுக்குக் காண்டமே துணை.

ஜாதக விஷயத்துக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஜாதகத்துக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள். இந்த ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துவிட்டது. போன் வந்த ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்.

தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்றால் கோவையில் எடுக்காதீர்கள். திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறுங்கள். எந்த ஊர்க்காரரும் எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் எடுக்கலாம், இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் டெஸ்ட் எடுப்பதையும், முடிவை மற்றவரிடம் சொல்வதையும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தாலும் மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது.

வாசலில் எச்.ஐ.வி. என்று சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தால், ‘நம்பிக்கை மையம் எங்கே?’ என்று கேளுங்கள், எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். வழி காட்டுவார்கள். கிளம்பும் முன் சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.