சுக்கான் கனக்கிறதா? பாயையும் பாருங்கள்

கேள்வி: என் பாய்மரப் படகு மிகப் பழையது; சுக்கானைத் திருப்பும் நீண்ட பிடியான டில்லரால் இயங்குவது. காற்று சற்று வலுத்ததும் டில்லரை இரு கைகளாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிடி தளர்ந்தால் படகு காற்று வரும் திசைக்கே திரும்பிவிடுகிறது. சுக்கானை மாற்றிவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். படகு துறையில் அசையாமல் கட்டப்பட்டிருக்கும்போது டில்லரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அங்கேயே இறுக்கமாக இருந்தால் குறை பேரிங்கிலோ சுக்கான் தண்டிலோ இருக்கிறது; அங்கே இலகுவாக நகர்ந்து, பாய் விரித்த பின்னர் மட்டும் கனத்தால் சுக்கானைக் குற்றம் சொல்வதற்கில்லை. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாய்கள் அனைத்தின் விசையும் ஏதோ ஓரிடத்தில் குவிகிறது. நீருக்கடியில், படகின் அடியிலிருந்து கீழே நீண்டிருக்கும் கீலும் சுக்கானும் பக்கவாட்டில் தரும் எதிர்ப்பு வேறோர் இடத்தில் குவிகிறது. முதல் விசை பின்னுக்கு நகர நகர, படகின் முன்பக்கம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். படகு சாய்ந்தால் இது இன்னும் கடுமையாகும். ஏனெனில் பாயின் விசை அப்போது படகின் உடலுக்கு வெளியே, சாய்ந்த பக்கத்தில் நின்று தள்ளுகிறது. பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த பெரிய பாயின் வயிறு, அதாவது அதன் புடைப்பு, ஆழமாகிப் பின்னோக்கி நகர்ந்திருக்கும் என்பதால், அது படகை ஓட்டுவதைவிடச் சாய்ப்பதையே அதிகம் செய்யும். பழைய படகுகளில் பெரும்பாலும் நான் முதலில் சந்தேகிப்பது இந்தப் பாயைத்தான்.

ஆகவே பாயைத் தட்டையாக்குங்கள்: அதன் முன் ஓரத்தையும் அடி ஓரத்தையும் இழுத்துக் கட்டுங்கள்; பாய்மரத்தின் பின்கம்பியை இறுக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் கனத்தால் பெரிய பாயின் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி, தயங்காமல் ரீஃப் போடுங்கள், அதாவது பாயின் ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்டுங்கள். பாயைச் சுருக்கினால் வேகம் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் அளவுக்கு மீறிச் சாய்ந்த படகில் திருப்பிப் பிடித்த சுக்கானே பிரேக்காக வேலை செய்வதால், ரீஃப் போட்ட பின் வேகம் கூடுவதும் உண்டு. பாய்மரம் பின்னோக்கி மிகுதியாகச் சரிந்திருந்தால், முன்கம்பியைக் குறுக்கிப் பின்கம்பியைத் தளர்த்தி அதைச் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். கனத்தை முழுவதும் ஒழிக்க முயல வேண்டாம். டில்லர் 3 முதல் 5 பாகை வரை காற்றுப் பக்கம் இழுபட்டிருப்பது நல்லதே. கைவிட்டால் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி வேகம் குறையும்.

உங்கள் படகின் பின்புறத்தில் மேலே தூக்கக்கூடிய சுக்கான் பலகை இருந்தால், அது முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிறிதளவு பின்னோக்கித் தூக்கி நின்றாலும் பலகையின் பரப்பு அச்சிலிருந்து விலகிவிடுவதால் டில்லர் வெகுவாகக் கனக்கும்.

துறையிலேயே இறுக்கமாக இருந்தால் கதை வேறு. சுக்கான் தண்டு சுழலும் உறையான நைலான் புஷ் நீரை உறிஞ்சி உப்பித் தண்டைக் கவ்விக்கொள்ளும். அதன் மேல் எண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை. படகைக் கரையேற்றி, சுக்கானைக் கழற்றி, புஷ்ஷின் உட்புறத்தைச் சரியான இடைவெளி வரும்வரை தேய்க்க வேண்டும், அல்லது நீரில் அதிகம் உப்பாத டெல்ரின் என்ற நெகிழியாலான புஷ் பொருத்த வேண்டும். சுக்கான் கீழிறங்கப் போதிய உயரம் இருக்கிறதா என்று முன்னரே அளந்துகொள்ளுங்கள். படகைத் தாங்கிகளில் நிறுத்திய பின் இது நினைவுக்கு வருவோர் உண்டு. ஒரு கோணத்தில் மட்டும் இறுகினால் தண்டு வளைந்திருக்கக்கூடும்.

கேள்வி: சக்கரத்தைத் திருப்பினால் சுக்கான் சற்றுத் தாமதித்தே அசைகிறது. எஞ்சினில் பின்னோக்கிச் செல்லும்போது சக்கரம் கையைப் பிடுங்குகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: அல்ல. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் சக்கரத்தைச் சுக்கானோடு இணைக்கும் கம்பி வடம் தளர்ந்திருப்பது. தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் உராய்வு கூடிச் சக்கரமே கனக்கும். வடத்தை மெல்லிய காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காகிதம் எங்காவது மாட்டிக் கிழிந்தால் அங்கே இழை அறுந்திருக்கிறது என்று பொருள், வடத்தை மாற்ற வேண்டும். கப்பிகள் வடத்துடன் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இரண்டாவது கோளாறே அல்ல. பின்னோக்கிச் செல்லும்போது நீர் சுக்கானின் பின் விளிம்பில் முதலில் மோதி அதை முழுவதுமாகத் திருப்பிவிடப் பார்க்கும். மெதுவாகச் செல்லுங்கள், சக்கரத்தை விடாதீர்கள், சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பாமல் நிறுத்தும் இறுதித் தடுப்புகள் உறுதியாக உள்ளனவா என்று சோதியுங்கள். வடம் அறுந்தால் பயன்படுத்த வேண்டிய அவசரக்கால டில்லரையும் துறையிலேயே ஒரு முறை பொருத்திப் பார்த்துவிடுங்கள்.