குட்டிச் சிலந்தியில் எதைப் பார்ப்பது?

கேள்வி: வால்பாறைப் பக்கம் மழைக்காட்டு இலைகளில் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத சிலந்திகளைப் படம் எடுத்தேன். எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படிப் பிரித்து அறிவது? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள், ஒரே இனத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் குஞ்சுக்கும் நிறம் மாறும். கண்களைப் பாருங்கள். முகத்தில் நான்கு கண்கள் வரிசையாக, நடு இரண்டும் ஹெட்லைட் மாதிரி பெரிதாக இருந்தால் குதிக்கும் சிலந்தி. கால் முழுக்க முள், கண்கள் அறுகோணமாக அமைந்திருந்தால் லிங்க்ஸ் சிலந்தி. முன்னங்கால் இரண்டு ஜோடியும் நீண்டு, பக்கவாட்டில் நகர்ந்தால் நண்டுச் சிலந்தி.

எறும்பு என்று நினைத்து ஒதுக்கிய படங்களையும் திரும்பப் பாருங்கள். முசுறு எறும்பைப் போலவே வேஷம் போடும் குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு, முன்னங்கால்களைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். ஆணுக்குத் தாடை அவ்வளவு நீளம், எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப்போவதாகவே தோன்றும். கால்களை எண்ணினால் எட்டு!

சரி, இது குடும்பம் வரைக்கும்தான். இனப்பெயர் சொல்ல வளர்ந்த சிலந்தி வேண்டும்: வாயருகே உள்ள குட்டி உணர்கால்களின் முனை உருண்டு தடித்திருந்தால் ஆண், பெரும்பாலான குடும்பங்களில் பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஓர் இனப்பெருக்கத் தகடு இருக்கும், இந்த இரண்டின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்களே முடிவு செய்கிறார்கள். அதனால் அடுத்த முறை முகம், முதுகு, அடிவயிறு மூன்றையும் எடுங்கள். பிடித்து வர வேண்டாம், காப்புக்காட்டில் அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.