வரலாற்றுப் பேரவை மாநாட்டுக்குப் போவதால் பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்ன பயன்?

கேள்வி கேட்டவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறவர். வரலாறு எடுக்கிறவர்களும் ஆய்வு செய்கிறவர்களும் கூடிக் கட்டுரை வாசிக்கும் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையின் ஆண்டு மாநாட்டுக்கு ஓ.டி. (பணிநாளாகவே கணக்கில் வரும் அனுமதி) போட்டுப் போகலாமா, பிளஸ் ஒன் மாணவர்களைக் கூட்டிப் போனால் அவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். நானும் அதே பாடம் எடுக்கிறவன்தான். தாராளமாகப் போங்கள். ஆனால் சான்றிதழுக்காகப் போவதென்றால் வேண்டாம். உங்கள் ஊரில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றிய கேள்வியோடு போங்கள்.

இந்திய வரலாற்றுப் பேரவை 1935இல் புனேயில் தொடங்கியது. நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருகிற அந்தக் கூட்டத்தில் உங்கள் ஊர் ஏரி மதகைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். தென்னிந்திய வரலாற்றுப் பேரவை, தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை என்று வட்டம் சுருங்கச் சுருங்க, உங்கள் தாலுகாவைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால், வட்டார மாநாட்டின் முழு லாபமும் அதுதான். நடத்தும் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கட்டுரையைத் தமிழிலேயே வாசிக்கலாம். கல்வெட்டில்தான் ஆர்வம் என்றால், 'ஆவணம்' இதழை வெளியிடும் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆண்டுக் கருத்தரங்கு இன்னும் பொருத்தம். புதிதாகக் கண்டெடுத்தவற்றை அவரவரே வந்து சொல்வார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: வாசிக்கப்படும் கட்டுரைகளில் பாதி தூக்கம் வரவழைக்கும். உத்தரமேரூர் குடவோலை முறையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருப்பதற்கு மேல் ஒரு வரிகூடச் சொல்லாத கட்டுரைகளை நிறையக் கேட்டாயிற்று. வாசித்து முடித்ததும் சான்றிதழைப் பையில் செருகிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து மாநாட்டை எடைபோட வேண்டாம்.

ஒருமுறை ஒரு கல்லூரி மாணவி தன் கிராமத்து ஏரி மதகுத் தூணில் இருந்த கல்வெட்டைப் பற்றி வாசித்தாள். சின்னக் கட்டுரை. முடிந்ததும் அமர்வுத் தலைவர், "எழுத்து தண்ணீர் பக்கமா, கரைப் பக்கமா? கோடையில் தண்ணீர் வற்றியபோது அடிப்பகுதியைப் பார்த்தாயாம்மா? படத்தில் அளவுகோல் ஏன் இல்லை?" என்று அடுக்கினார். அவள் பயப்படவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டாள். அப்புறம் பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து, அதே ஏரியின் இன்னொரு மதகிலும் எழுத்து உண்டு என்றார். வகுப்பறையில் ஒரு வருடம் கத்தினாலும் ஆய்வு என்றால் என்ன என்பதை இவ்வளவு சுலபமாக என்னால் புரியவைக்க முடியாது.

மாணவர்களைக் கூட்டிப் போவதென்றால் கல்வெட்டைத் தாளில் படியெடுக்கும் பயிற்சி இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் முதலில் கேளுங்கள். பேச்சைவிட அது முக்கியம். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் தாள் கிழியும். மெல்லத் தட்டினால் எழுத்து இறங்காது. ஈரம் ஓரளவு காய்ந்தபின் துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். வெறும் கல்லில் கீறல் என்று நினைத்தது 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று, கல்வெட்டுகள் தொடங்கும் மங்கலச் சொல்லாக எழுந்து வரும்போது கடைசி பெஞ்சுப் பையன்கூடக் குனிந்து பார்ப்பான். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எ-ஏ, ஒ-ஓ என்ற குறில் நெடில் வேறுபாடும் தெரியாது, ஆகவே அவனே தடுமாறிப் படிக்க வேண்டும். அடுத்து 'மா', 'வேலி' என்று நில அளவு வரும். இருபது மா ஒரு வேலி என்பதை டெல்டாப் பக்கத்துப் பையனுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், தாத்தாவிடம் கேட்டு வருவான்.

மாணவர்களால் என்ன ஆகப்போகிறது என்று உங்கள் ஹெச்.எம். கேட்டால் புலிமான்கோம்பையைச் சொல்லுங்கள். தேனி மாவட்டத்து அந்த ஊரில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்து) நடுகற்களைக் கண்டுபிடித்ததில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களுக்குப் பங்கு உண்டு. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்கிற ஆகோள் அப்படியே கல்லில் இருக்கிறது. பள்ளி அளவில் வேண்டுமென்றால், இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பானை ஓடு பொறுக்கியும் கல்வெட்டு படித்தும் செய்தியில் வந்தவர்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் தடவை கட்டுரை வேண்டாம், கேட்க மட்டும் போங்கள். மாணவர்களில் உண்மையிலேயே ஆசைப்படுகிற நான்கைந்து பேர் போதும்; பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு போனால் நீங்கள் எண்ணிக்கை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புத்தகக் கடையில் உங்கள் மாவட்டத்துக் கல்வெட்டுத் தொகுதி இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

திரும்பி வந்ததும் பிள்ளைகள் ஊரெல்லாம் கல்லைத் தேடிக் கிளம்புவார்கள். சாக்பீஸ் தூளைப் பூசிப் படம் எடுக்க விடாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழலிலேயே எழுத்து தெரியும். காசு, சிலை என்று மண்ணுக்குள் இருந்து ஏதாவது கிடைத்தால் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லி, எழுத்தில் ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள்.