ஹெடரில் கசிவு, ஃபில்டரில் ஒழுகல்

கேள்வி: 1965 எம்.ஜி.பி. காருக்குப் புது எக்ஸாஸ்ட் ஹெடர் (எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மாட்டியதும் ‘டிக் டிக்’ சத்தம் கேட்கிறது. ஆயில் ஃபில்டர் மாற்றியதிலிருந்து எண்ணெயும் ஒழுகுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ‘டிக் டிக்’ சத்தம் ஹெடர் இணைப்பில் புகை கசிவதால் வரலாம். இந்த எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டையும் (காற்று-பெட்ரோல் கலவை உள்ளே போகும் குழாய்) ஹெடரையும் நடுவிலுள்ள தடித்த வாஷர்கள்தான் சேர்த்து அழுத்துகின்றன. ஹெடர் ஃபிளேஞ்ச் (எஞ்சினோடு பொருந்தும் தட்டையான விளிம்பு) மேனிஃபோல்டின் விளிம்பைவிட மெலிதாக இருந்தால் வாஷர் சாய்ந்து அந்தப் பக்கம் பிடிப்பு போய்விடும். இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. இரண்டு விளிம்புகளின் தடிமனையும் வெர்னியரில் (நுண் அளவுகோல்) அளந்து, வித்தியாசத்துக்கேற்ப வாஷரில் படி வெட்டச் சொல்லுங்கள். நட்டுகளுக்கு 15 பவுண்டு-அடி முறுக்கு போதும். எஞ்சின் சூடாகி ஆறியதும் மறுபடி சரிபாருங்கள்.

ஒழுகலுக்குப் பெரும்பாலும் எடுக்காமல் விட்ட பழைய ரப்பர் வளையமே காரணம். ஃபில்டர் தலையின் பள்ளத்தில் கறுத்து இறுகி, இரும்போடு இரும்பாகக் கிடக்கும். ஊசியால் நெம்பி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்தில் எண்ணெய் தடவி உட்கார வையுங்கள்.