எழுதி வைக்காத நேரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளிகளில் நேரம் எப்படி வகுக்கப்படுகிறது, எப்படிக் கரைகிறது என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளிலிருந்து ஆறு இங்கே இடம்பெறுகின்றன. பல ஆண்டுகள் வகுப்பறையிலும், அதே அளவு காலம் கால அட்டவணைத் தாளின் முன்பும் உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கால அட்டவணை போடும் பொறுப்பு ஐந்து ஆண்டுகளாக என் தலையில்தான் விழுகிறது. இரண்டு வாரம் போராடி முடித்து, அதைச் சுவரில் ஒட்டிய அன்றே பத்துப் பேர் குறை சொல்கிறார்கள். மென்பொருள் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீருமா?
– ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்

பதில்: உங்கள் தலைவலிக்குக் கணிதத்தில் நிரூபணமே இருக்கிறது. ஆசிரியர்கள் சிலர் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே வர இயலும் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தாலே போதும், அட்டவணை போடும் கணக்கு ‘என்பி-முழுமை’ எனப்படும் கடினமான வகையில் சேர்ந்துவிடுகிறது என்று ஷிமோன் எவன், அலோன் இடாய், ஆதி ஷமீர் என்ற மூன்று கணினி அறிவியலாளர்கள் 1976இல் காட்டினார்கள். இந்த வகைக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் எந்த நிலையிலும் விரைவாக விடை தரும் வழிமுறை இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. மென்பொருளும் தேடித்தான் பார்க்கிறது. நம்மைவிட வேகமாகத் தேடுகிறது, அவ்வளவுதான். அந்த வேகம் உதவும் என்பதால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதில் எதையும் உள்ளிடுவதற்கு முன்பு ஒரு வெள்ளைத்தாளில் சாதாரணக் கூட்டல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஒரு பிரிவுக்கு 40 பாடவேளைகள். பன்னிரண்டு பிரிவுகளுக்கு 480. ஆசிரியர்கள் பதினாறு பேர், ஆளுக்கு 30 பாடவேளை, அதுவும் 480. கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாக உட்காருகிறோம். அப்போதுதான் ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் இருப்பது ஒரே ஆய்வகம். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் இரண்டு இரட்டைப் பாடவேளை ஆய்வகம் வேண்டும் என்று அறிவியல் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பன்னிரண்டு பிரிவுகளுக்கு அது 48 பாடவேளை. ஆய்வகமோ வாரத்துக்கு 40 பாடவேளைதான் இருக்கிறது. உலகத்தின் எந்தக் கணினியும் இந்த அட்டவணையைப் போட்டுத் தராது. இரண்டு வாரப் போராட்டம் என்று நாம் சொல்வதில் கணிசமான பகுதி, தொடக்கத்திலேயே நடவாது என்று தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை நடத்தப் பார்ப்பதுதான்.

அடுத்தது வரிசை. நகர்த்த முடியாதவற்றை முதலில் வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் இசை ஆசிரியர், இரட்டைப் பாடவேளை கேட்கும் ஆய்வகம், இரண்டு பிரிவுகள் சேர்ந்து உட்காரும் மொழி வகுப்பு ஆகியவை இடம் பிடித்த பிறகே, எங்கே வைத்தாலும் பொருந்தும் ஒற்றைப் பாடவேளைகள் வர வேண்டும். கணக்குதான் முக்கியமான பாடம் என்று அதிலிருந்து தொடங்குபவர்கள், கடைசியில் ஆய்வகத்துக்கு இடமில்லாமல் எல்லாவற்றையும் கலைத்துப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் மேசை முழுக்க வண்ணச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டுதான் அட்டவணை போட்டேன். ஓர் ஆண்டு ஒரே ஆசிரியையைப் புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில் இரண்டு வகுப்புகளுக்கு எழுதியிருந்தேன். அது தெரியவந்தது புதன்கிழமை மூன்றாம் பாடவேளையில்தான். அதற்குப் பிறகு, வகுப்புவாரி அட்டவணையை முடித்ததும் ஆசிரியர்வாரியாக இன்னொரு முறை எழுதிச் சரிபார்க்காமல் எதையும் ஒட்டியதில்லை.

குறை சொல்பவர்களைப் பற்றி: ஒட்டிய பிறகு கேட்பதைவிட, ஒட்டுவதற்கு முன்பு ஒவ்வொருவரிடமும் இரண்டு விருப்பங்களை எழுத்தில் வாங்குங்கள், அவற்றில் ஒன்று நிறைவேறும் என்று மட்டும் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் ‘வரைவு’ என்ற தலைப்போடு அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். பத்துப் பேர் மூன்று பேராகக் குறைவார்கள். அந்த மூன்று பேரை எந்த அட்டவணையாலும் திருப்தி செய்ய முடியாது.

கேள்வி: என் பாடவேளை 45 நிமிடம். ஆனால் உண்மையில் பாடம் நடத்துவது அரை மணி நேரம்கூட வருவதில்லை. ‘போர்ஷன்’ முடியவில்லை என்பதால் உடற்கல்விப் பாடவேளைகளைக் கடன் வாங்குகிறேன். இது தவறா?
– பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆன ஆசிரியை

பதில்: கடன் என்கிறீர்கள், ஒரு முறையாவது திருப்பிக் கொடுத்திருக்கிறீர்களா? விளையாட்டு நேரத்தைப் பறிகொடுத்த பிள்ளைகள் அந்த 45 நிமிடமும் சன்னல் வழியே மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை விடுத்து, உங்கள் சொந்தப் பாடவேளை எங்கே கரைகிறது என்று பார்ப்போம்.

இதில் நீங்கள் தனியாள் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2018இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், பாடவேளையில் கற்றல் கற்பித்தலுக்கெனச் செலவாவது சராசரியாக 78 விழுக்காடு என்று தெரியவந்தது. 45 நிமிடத்தில் அது 35 நிமிடம். மீதி ஒழுங்குபடுத்துவதற்கும் நிர்வாக வேலைகளுக்கும் போய்விடுகிறது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரப் பள்ளிகளைப் பற்றி 2021இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஒலிபெருக்கி அறிவிப்பு, அலுவலகத்திலிருந்து வரும் ஆள், தாமதமாக நுழையும் மாணவர் என வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகள் ஒரு வகுப்பறைக்கு ஆண்டுக்கு 2,000க்கு மேல் என்றும், அவற்றாலும் அவற்றைத் தொடரும் சலசலப்பாலும் 10 முதல் 20 நாள் வரையிலான கற்பித்தல் நேரம் வீணாகிறது என்றும் அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அறிவிப்பு முப்பது நொடியில் முடிந்துவிடும். கலைந்த கவனம் திரும்பி வருவதற்குத்தான் அதைவிட அதிக நேரம் ஆகும்.

அலுவலகத்தின் குறுக்கீட்டை உங்களால் தனியாக நிறுத்த முடியாது. அது தலைமையாசிரியரின் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது முதல் ஐந்து நிமிடம். 42 பேர் கொண்ட வகுப்பில், பெயருக்கு மூன்று நொடி வீதம் வருகைப்பதிவு எடுத்தால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பாடவேளைதோறும் பெயர் கூப்பிடுபவர் என்றால், 200 வேலை நாளில் அது ஒன்பது பாடவேளைகளுக்கு மேல் போகும். நீங்கள் கடன் வாங்கியதும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாணவர்கள் உள்ளே வரும்போதே கரும்பலகையில் நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு வரிக் கேள்வி ஒன்று எழுதப்பட்டிருக்கட்டும். அவர்கள் தலைகுனிந்து எழுதும்போது, காலியான இருக்கைகளைப் பார்த்து நீங்கள் பதிவேட்டை முடித்துவிடலாம். குறிப்பேடுகளைத் திருப்பித் தருவதற்கு எல்லோரும் மேசைக்கு வர வேண்டியதில்லை. வரிசைக்கு ஒருவர் வாங்கிக்கொண்டு போனால் போதும்.

ஓர் இடத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரே நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் விடைகள் நீள்கின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் கண்டறிந்தார். போர்ஷனை முடிக்கும் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டு நொடிதான்.

கேள்வி: மூன்று பிரிவுகளின் 120 விடைத்தாள்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு பதினொரு மணி வரை திருத்துகிறேன், ஆனாலும் தீர்வதில்லை.
– கணித ஆசிரியர்

பதில்: ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் என்றால் 120 தாளுக்கு 12 மணி நேரம். இதை யாரும் உங்கள் அட்டவணையில் எழுதவில்லை. எழுதாத வேலைக்கு எழுதாத நேரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அது உங்கள் வீட்டு நேரம். மேலே சொன்ன 2018 ஆய்வில் ஆசிரியர்கள் சொன்ன வார வேலை நேரம் சராசரியாக 38 மணி நேரத்தைத் தாண்டியது. அதில் பாதியை ஒட்டிய நேரம்தான் வகுப்பில் நின்று கற்பித்தது. மறுபாதி பல பள்ளிகளின் அட்டவணையில் ‘ஓய்வு’ என்ற பெயரில் வெற்றுக் கட்டமாக இருக்கிறது, அல்லது எங்குமே இல்லை.

ஒதுக்கிய நேரம் முழுவதையும் நிரப்பும் வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955இல் எழுதியது அரசு அலுவலர்களைக் கிண்டல் செய்வதற்காக. ஆனால் எல்லை இல்லாத இரவில் உட்கார்ந்து திருத்துபவருக்கும் அது பொருந்தும். வாரத்தில் மூன்று ஓய்வுப் பாடவேளைகளைத் திருத்தலுக்கு என்று பெயரிட்டு உங்கள் தனி அட்டவணையில் எழுதுங்கள். ஒரு தாளை முழுவதும் திருத்தி அடுத்ததை எடுப்பதற்குப் பதிலாக, எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாவற்றிலும் இரண்டாம் கேள்வி என்று போனால், மதிப்பெண் அளவுகோல் மனத்தில் நிலைத்துவிடுவதால் வேகமும் கூடும், நடுநிலையும் கூடும். நாற்பது தாளிலும் ஒரே பிழையைக் கண்டு நாற்பது முறை சிவப்பு மையில் விளக்கம் எழுதுவது வீண் வேலை. அதைக் கரும்பலகையில் ஒருமுறை விளக்கிவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று பிரிவுகளுக்கும் ஒரே நாளில் தேர்வு வைத்தது யார் என்று பாருங்கள். நாட்காட்டியில் ஒரு வாரம் தள்ளித் தள்ளி வைத்திருந்தால், 120 என்பது மூன்று தவணையாக, 40 தாள் வீதம் வந்திருக்கும்.

கேள்வி: என் மகளின் வகுப்பில் ஆண்டு முழுவதும் கணக்கு முதல் பாடவேளை, வரலாறு கடைசிப் பாடவேளை. அவளுக்குப் பிடித்த வரலாற்றில் தூங்கிவிடுகிறாள். இது முறையா?
– ஒரு தாய்

பதில்: முறையில்லை. கணக்கைக் காலையில் வைத்தால் நல்லது என்ற எண்ணத்தில் தவறு ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பாடத்தின் தலையில் கடைசி மணியைக் கட்டிவிடுவதுதான் தவறு. சில பள்ளிகள் கிழமைகளை விட்டுவிட்டு ‘நாள் 1’ முதல் ‘நாள் 6’ வரை சுழலும் அட்டவணை வைத்திருக்கின்றன. அதில் பாடங்களின் இடம் மாறிக்கொண்டே இருக்கும். விடுமுறை எப்போதும் ஒரே கிழமையில் வந்து ஒரே பாடத்தை விழுங்குவதும் இருக்காது. அதே சமயம், வாரத்துக்கு ஐந்து பாடவேளை உள்ள பாடத்தை இரண்டு நாளில் அடைத்துவிடவும் கூடாது. இடைவெளி விட்டுப் பரப்பிப் படிப்பது நினைவில் நிற்கும் என்பது, ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் வெளியிட்ட காலத்திலிருந்து தெரிந்த செய்தி.

உங்கள் மகள் உயர்வகுப்பு மாணவி என்றால் தூக்கத்தையும் கவனியுங்கள். வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகிறது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, மாணவர்களின் இரவுத் தூக்கம் 34 நிமிடம் கூடியதாக அளந்து கண்டார்கள். பள்ளி மணியை நீங்கள் மாற்ற முடியாது. பெற்றோர் கூட்டத்தில் கேட்க முடியும்.

கேள்வி: யாராவது விடுப்பு எடுத்தால் மாற்று வகுப்பு போடுவதிலேயே என் காலைப்பொழுது போய்விடுகிறது. ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
– ஒரு தலைமையாசிரியர்

பதில்: முதல் பதிலில் உள்ள பள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆசிரியருக்கும் நாளுக்கு ஆறு பாடவேளை வகுப்பு, இரண்டு ஓய்வு. இரண்டு பேர் வரவில்லை என்றால் 12 பாடவேளைகளுக்கு ஆள் தேவை. மீதிப் பதினான்கு பேரிடம் இருக்கும் ஓய்வு 28 பாடவேளை. ஒரே காலையில் அதில் பாதியை ஒட்டிய அளவை எடுத்துக்கொள்கிறீர்கள். முகம் சுளிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்த நினைத்திருந்தவர் அதை இரவுக்குத் தள்ளிவைப்பார்.

ஒவ்வொருவரின் இரண்டு ஓய்வுப் பாடவேளைகளில் ஒன்றை ‘மாற்று வகுப்புக்குரியது’ என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையில் குறித்துவிடுங்கள். மற்றொன்றை யாரும் தொடக்கூடாது. அப்போது தினமும் எட்டு மணிக்கு யாரைப் பிடிப்பது என்று தேட வேண்டியதில்லை; பட்டியல் ஏற்கெனவே இருக்கும். யார் எத்தனை மாற்று வகுப்பு எடுத்தார் என்ற எண்ணிக்கையை ஆசிரியர் அறையிலேயே ஒட்டி வையுங்கள்; மறுக்கத் தெரியாதவரையே மீண்டும் மீண்டும் கூப்பிடும் வழக்கம் அதில் வெளிப்பட்டுவிடும். வேறு ஆசிரியர் வந்தாலும் மாணவர்கள் தாமாகச் செய்யக்கூடிய இரண்டு பாடவேளைப் பயிற்சியை ஒவ்வொருவரும் கோப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அது இல்லாத மாற்று வகுப்பு வெறும் காவல்தான்.

கேள்வி: ‘ஐந்தே நிமிடம்’ என்று மாலையில் கூட்டும் ஆசிரியர் கூட்டம் முக்கால் மணி நேரம் நீள்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை

பதில்: சுற்றறிக்கையில் எழுதக்கூடிய செய்திகளைச் சுற்றறிக்கையிலேயே அனுப்பச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால், கூட்டத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றுமாறும், முதல் மணிக்குப் பத்து நிமிடம் முன்பு தொடங்குமாறும் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். மணி அடித்ததும் எழுந்து போக வேண்டிய காரணம் உங்கள் எல்லோரிடமும் இருக்கும், தலைமையாசிரியராலும் மறுக்க முடியாத காரணம்.