ஜப்பானிலிருந்து வந்த பழைய மொடியூல்: வாங்கலாமா?

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவுக்கு கீபோர்ட் வாசிக்கிறேன். கல்யாண வீடுகளுக்கும் போவதுண்டு. என் கீபோர்டின் கட்டைகள் நல்லம், உள்ளே இருக்கும் சத்தங்கள்தான் சரியில்லை. பாவித்த சவுண்ட் மொடியூல் ஒன்றை, அதாவது கட்டைகள் இல்லாத சத்தப் பெட்டியை, கோர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இரண்டு விளம்பரங்கள் கண்ணில் பட்டன. ஒன்று ரோலண்ட் ஜேவி-1010, 55,000 ரூபாய், அடப்டர் இல்லை. மற்றது ரோலண்ட் ஜேவி-1080, 60,000 ரூபாய். ஜப்பானிலிருந்து வந்தது, வேலை செய்கிறது என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: 1080ஐ எடுங்கள். ஆனால் அதன் பின்பக்கத்தைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

இரண்டும் ஒரே குடும்பம். 1080 வந்தது 1994இல், 1010 வந்தது 1999இல். இரண்டிலும் ஒரே நேரத்தில் 64 குரல்கள் ஒலிக்கும், 16 வாத்தியப் பகுதிகள் ஓடும். 1010 சின்னப் பெட்டி, தோள் பைக்குள் அடங்கும், ‘செஷன்’ என்ற கூடுதல் சத்தத் தொகுப்பு உள்ளேயே இருக்கிறது. ஆனால் முகப்பில் மூன்று இலக்கத் திரை மட்டும்தான். ஒரு சத்தத்தை உங்கள் விருப்பப்படி மாற்ற வேண்டுமென்றால் லப்டொப் வேண்டும். 1080இல் இரண்டு வரி எழுத்துத் திரை, கூடுதல் சத்தங்களைச் சேர்க்கும் விரிவாக்க அட்டைகள் நான்குக்கு இடம், ஆறு வெளியீடுகள். மேடையில் நின்றபடியே எல்லாவற்றையும் மாற்றலாம். ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு இது பெரிய விஷயம். தவிர, அடப்டர் இல்லாத 1010 வேலை செய்கிறது என்பதை அவர் உங்களுக்கு எப்படிக் காட்டப் போகிறார்?

இனி பின்பக்கம். ஜப்பானில் விற்ற 1080 உள்ளே 100 வோல்ட்ஸ் மின்வழங்கியோடு வரும். நம் வீட்டு பிளக்கில் 230. வயரின் முனையை மாற்றி நேரே செருகினால் மின்வழங்கி கருகும், அதோடு உங்கள் 60,000மும். மின் இணைப்புக்குப் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100 என்று இருந்தால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்று தேவை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கேட்டால் 110 வோல்ட்ஸ் வெளியீடுள்ளதை எடுத்து நீட்டி, இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. பத்து வீதம் கூடுதல் மின்னழுத்தத்தில் முப்பது வயதுப் பெட்டி வீணாகச் சூடாகும். 100 வெளியீடு என்று எழுதியிருப்பதையே கேளுங்கள், பெட்டி எடுக்கும் வாட்ஸைப் போல் இரண்டு மடங்காவது தாங்குவதாகப் பாருங்கள். தலைமுடி உலர்த்திக்கென்று விற்கும் இலேசான பயண மாற்றிகள் இதற்கு உதவா. ட்ரான்ஸ்போமர் விலையைச் சொல்லி 60,000இலிருந்து குறைக்கக் கேட்பது நியாயம்தான்.

அப்படியும் 1010 பக்கமே மனம் போகுமானால், அடப்டர் விஷயத்தில் கைக்கு வந்ததைக் குத்தாதீர்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்ஸ், ஏசியா டிசியா, நடு முள் கூட்டலா கழித்தலா, எத்தனை மில்லி அம்பியர், நான்கும் பொருந்த வேண்டும். பழைய மொடியூல்களில் ஏசி வெளியீடுள்ள அடப்டர் கேட்பவையும் உண்டு. அலெசிஸ் டிஎம்5 ட்ரம் மொடியூல் 9 வோல்ட்ஸ் ஏசி கேட்கும், அதற்கு டிசி கொடுத்துவிட்டுப் பெட்டி பழுது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பார்க்கப் போகும்போது உங்கள் கீபோர்ட், அதை மொடியூலோடு இணைக்கும் மிடி வயர், ஹெட்போன் மூன்றையும் கொண்டு போங்கள். டெமோ பாட்டு ஓடுவதை மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். டெமோ உள்ளிருந்தே ஓடுவது, மிடி இன் துளை செத்திருந்தாலும் ஓடும். பியானோ சத்தத்தில் ஒரு சுரத்தை அமுக்கி, அது முற்றாக அடங்கும் வரை ஹெட்போனில் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் அந்த வாலில்தான் தெரியும். எதுவும் வாசிக்காமல் வொலியூம் குமிழை மெல்லத் திருப்புங்கள். எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அமுக்குங்கள். வேல்யூ குமிழ் ஒரு படி திருப்பினால் ஒரு படிதான் போக வேண்டும், முன்னும் பின்னும் குதிக்கக் கூடாது. ஹெட்போன் துளை மட்டுமல்ல, பின்னாலுள்ள வெளியீடுகளையும் ஸ்பீக்கரில் கொடுத்துப் பாருங்கள். கடைசியாக ஒரு சத்தத்தைப் பெயர் மாற்றிச் சேமித்து, பெட்டியை அணைத்து, விற்பவரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு மறுபடி போடுங்கள். பெயர் அழிந்திருந்தால் உள்ளேயிருக்கும் நாணய பற்றரி முடிந்திருக்கும். அது பெரிய குறையல்ல, தொழிற்சாலைச் சத்தங்கள் பற்றரியை நம்பி இல்லை. ஆனால் விலையைக் குறைக்க நல்ல காரணம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம். பலர் முதல் ஐம்பது சத்தங்களைப் புரட்டிவிட்டு, பழைய சத்தம் என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலைச் சத்தங்கள் கடையில் ஆளைக் கவர்வதற்காக எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப், சத்தத்தைத் தடிப்பாக்கும் கோரஸ் இரண்டிலும் ஊறவைத்தவை. உயரமான கூரையுள்ள தேவாலயத்தில் கட்டடமே எதிரொலிக்கும், அதற்கு மேல் இதுவும் சேர்ந்தால் பாடகர் குரல் மூழ்கிவிடும். ரிவேர்பைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், அதே பியானோ தெளிவாக முன்னுக்கு வரும்.

64 குரல் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெச், அதாவது நீங்கள் தெரிவுசெய்யும் ஒரு சத்தம், நான்கு அலைகளைச் சேர்த்துச் செய்ததாக இருக்கலாம். அப்போது ஒரு சுரத்துக்கு நான்கு குரல் போகும், 64 என்பது 16 சுரமாகச் சுருங்கும். பெடலை மிதித்தபடி ஸ்ட்ரிங்ஸும் பியானோவும் சேர்த்து வாசித்தால் சுரங்கள் அறுவது இதனால்தான். தேவையில்லாத அலைகளை அணைத்துவிட்டு உங்கள் பெயரில் சேமியுங்கள்.

கல்யாண வீட்டுக்கு: ஜெனரல் மிடி என்ற பொதுவான சத்த வரிசையில் 105 சித்தார், 112 ஷெனாய். நாதஸ்வரக்காரர் வராத இடத்தில் 112ஐ வைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளானவர்களில் நானும் ஒருவன். வாசிப்பதானால் சுரத்தை வளைக்கும் பிட்ச் பென்ட் சில்லை இரண்டு அரைச்சுரத்துக்கு வைத்து, கமகத்தை அதில் கொண்டுவாருங்கள். விரலால் அடுத்தடுத்த கட்டைகளை அமுக்கினால் அது சைக்கிள் ஹோர்ன் மாதிரி இருக்கும். தபேலாவும் நல்ல சித்தாரும் வேண்டுமென்றால் எஸ்ஆர்-ஜேவி80 என்ற விரிவாக்க அட்டை வரிசையில் 05ஆம் எண் ‘வேர்ல்ட்’, 14ஆம் எண் ‘ஏசியா’ அட்டைகளைத் தேடலாம். அட்டை ஏற்கெனவே பொருத்தியிருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். சிலருக்குத் தங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாது.

மண்டபத்து ஒலிபெருக்கி பெரும்பாலும் மோனோ. இடது பக்கம் மோனோ என்று குறித்திருக்கும் துளையில் மட்டும் ஒரு வயரைச் செருகுங்கள். பழைய ஹார்மோனியத்தோடு சுருதி சேராவிட்டால் மாஸ்டர் டியூனை 427.4 முதல் 452.6 ஹேர்ட்ஸ் வரை நகர்த்தலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இதே 1080ஐ ரோலண்ட் நிறுவனமே இப்போது சொஃப்ட்வெயாராகத் தருகிறது. எப்போதும் லப்டொப்போடுதான் வாசிப்பீர்கள் என்றால் பெட்டி தேவையில்லை. லப்டொப் இல்லாமல் போய், சுவிட்சைப் போட்டதும் வாசிக்க வேண்டியவருக்குத்தான் பெட்டி.

கேள்வி: என் புதிய கீபோர்டில் யூஎஸ்பி துளை மட்டும்தான். யூஎஸ்பி-மிடி வயர் வாங்கி மொடியூலில் செருகினால் போதுமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: போதாது, தங்கச்சி. அந்த வயர் கணினியை எதிர்பார்க்கும், உங்கள் கீபோர்டும் அப்படியே. நடுவில் யாராவது கணினியின் வேலையைச் செய்ய வேண்டும். யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சின்னப் பெட்டி அதற்கென்றே இருக்கிறது, விலை இலேசில்லை. அதையும் கூட்டிப் பார்த்தால் ஐந்து முள் மிடி அவுட் உள்ள பழைய கீபோர்ட் மலிவாக வரக்கூடும். கணினியோடு இணைப்பதானாலும் மிக மலிவான வயர்களைத் தவிருங்கள். சுரங்கள் போகும், ஆனால் சத்தங்களைச் சேமித்து அனுப்பும் நீண்ட தரவில் இடையிடையே விழுந்துவிடும்.

கேள்வி: ஒரு கடையில் ஒரு மாத உத்தரவாதத்தோடு வாங்கிய மொடியூல் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. பாவித்த சாமானுக்குப் பொறுப்பில்லை என்கிறார் கடைக்காரர்.
– தெமட்டகொடை வாசகர்

பதில்: பற்றுச்சீட்டில் உத்தரவாதம் எழுதியிருக்கிறதா? இருந்தால் அதன் பிரதியோடு நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். தொலைபேசியில் விசாரிக்க 1977. வாயால் சொன்ன உத்தரவாதம் என்றால் நிரூபிப்பது கஷ்டம், ஆனாலும் பற்றுச்சீட்டு இருந்தால் முயன்று பாருங்கள். அடுத்த முறை பெட்டியின் தொடர் இலக்கத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், இது நான் விற்ற பெட்டியே இல்லை என்று கடைக்காரர் கைவிரிக்கலாம். விளம்பரம் பார்த்துத் தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி பெரிதாக உதவாது. அவர்கள் காசு கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும்.