சிங்கமும் நங்கூரமும்

கேள்வி: பழைய இங்கிலாந்து வெள்ளி பாக்கெட் கடிகாரம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கறுத்த பின்மூடிக்குள் சிங்கம், நங்கூரம், கூடவே ஓர் எழுத்து. டயலில் மயிரிழை விரிசல். சாவி கொடுத்தால் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது. நன்றாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டு ஓட்டலாமா?

பதில்: முதலில் அந்தப் பாலிஷ் துணியைக் கீழே வையுங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி போகும், அதோடு முத்திரையும் மழுங்கும், முத்திரை போனால் கடிகாரத்தின் ஜாதகமே போன மாதிரி. சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்துக்கு 925 பங்கு. நங்கூரம் பர்மிங்ஹாம் மதிப்பீட்டு அலுவலகத்தின் குறி, அதாவது வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை குத்தும் இடம். அதற்காகக் கடிகாரமே பர்மிங்ஹாமில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள், கோவென்ட்ரி ஊரில் செய்த கடிகாரங்கள் பலவற்றின் வெளிக்கூடுகளும் அங்கே போய் முத்திரை வாங்கி வந்தவைதான். அந்த எழுத்து ஆண்டைக் காட்டுவது. ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் வரிசை வேறு, அகர வரிசை முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையோ சுற்றியுள்ள கட்டத்தையோ மாற்றி மறுபடி முதலிலிருந்து வருவார்கள், அதனால் பர்மிங்ஹாம் அட்டவணையை மட்டும் பாருங்கள். அதில் கிடைப்பதும் கூட்டின் வயதுதான். உள்ளே இயந்திரத்தில் வெட்டியிருக்கும் எண் கூட்டிலும் இருந்தால் இரண்டும் ஒரே ஜோடி என்று பெரும்பாலும் நம்பலாம்.

விரிசலுக்குக் கவலை வேண்டாம். செம்புத் தகட்டின் மேல் சுட்ட எனாமல், இந்த வயதில் அது சகஜம். சில்லு பெயர்ந்திருந்தால்தான் மதிப்பு இறங்கும்.

அரை மணியில் நிற்பதுதான் விஷயம். எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கலாம், அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் அச்சு முனைகள் தேயும், சும்மா கிடப்பதே மேல். பழைய சாவிக் கடிகாரம் தெரிந்தவரிடம் கொடுத்து முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே சைக்கிள் செயினைப் பொடியாக்கியது போல ஒரு சங்கிலியும், அதைச் சுற்றிக்கொள்ளும் கூம்பு ஒன்றும் இருந்தால் அது ஃபியூசி. ஸ்பிரிங் முழு இறுக்கத்தில் இருக்கும்போது சங்கிலி கூம்பின் குறுகிய பக்கத்தை இழுக்கும், ஸ்பிரிங் தளரத் தளர அகன்ற பக்கத்துக்கு வரும், அதனால் சக்கரங்களுக்குப் போகும் விசை கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். மற்றவர்கள் இதைக் கைவிட்ட பிறகும் ஆங்கிலேயர்கள் விடாப்பிடியாகச் செய்துகொண்டிருந்தார்கள். பிடிவாதம்தான், ஆனால் அழகான பிடிவாதம்.

கேள்வி: சரிசெய்த பிறகு நேரம் சரியாகக் காட்டுமா?

பதில்: கைபேசியோடு போட்டி போடாது. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், தடை பட்டதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் அழுத்தினால் தடுப்பு உடையும். ஒரேயடியாக முந்தினாலோ பிந்தினாலோ உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோலை மயிரளவு நகர்த்தச் சொல்லுங்கள். நீங்களே தொட வேண்டாம், பக்கத்திலேயே ஹேர்ஸ்பிரிங் என்ற மயிரிழை போன்ற மெல்லிய சுருள் இருக்கிறது.